போர்வீரனா, மந்திரவாதியா: பால்டர்ஸ் கேட்டில் எந்த வகுப்பு வலியது?

2 மார்ச் 2024, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

ஆறு பேர் வரையுள்ள குழுவை நடத்திச் செல்லும் பால்டர்ஸ் கேட் கணினி ஆட்டத்தில் மந்திரவாதியை மிஞ்சும் வகுப்பு (ஆளுக்கு நாம் தேர்ந்தெடுக்கும் வகை) கிடையாது என்பது என் முடிவு. போர்வீரன் மூட்டை தூக்கவும் முன்னால் நின்று அடி வாங்கவும் பயன்படுகிறான். திருடன் பெட்டி திறக்கிறான். அதற்கும் ஒரு மந்திரம் இருக்கிறது. பூசாரி காயத்துக்கு மருந்து போடுகிறான். அப்படியானால் ஆறு பேரையும் மந்திரவாதிகளாகவே சேர்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

2 மார்ச் 2024, இரவு

மறுக்கிறேன். ஆறு மந்திரவாதிகளோடு, ஆட்டம் தொடங்கும் இடமான கேண்டில்கீப்பை விட்டுக் கிளம்பி ஃபிரெண்ட்லி ஆர்ம் விடுதியின் படிக்கட்டு வரை போய்ச் சேருங்கள், பிறகு பேசுவோம். அந்தப் படிக்கட்டில் டார்னெஷ் என்றொருவன் நிற்கிறான். பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்ட மறுகணமே தன்னைப் போலப் பல பிம்பங்களை எழுப்பிக்கொண்டு, அச்ச மந்திரத்தை ஏவி, அதன்பின் குறி தப்பாத மந்திர அம்பான மேஜிக் மிஸைலை விடுவான். உங்கள் முதல்நிலை மந்திரவாதிக்கு உயிர்ப் புள்ளிக்கான (எவ்வளவு அடி தாங்குவார் என்பதற்கான) பகடை நான்கு முகம் கொண்டது. உடல்வலு 16 இருந்தால் இரண்டு கூடும். ஆக அதிகபட்சம் ஆறு. நினைவில் வைத்திருக்கும் மந்திரமோ ஒன்றே ஒன்று. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு அடி பட்டால் அதுவும் கலைந்துபோகும்.

அதே படியில் உடல்வலு 18 உள்ள போர்வீரன் பதினான்கு புள்ளிகளோடு நிற்பான். அவனும் அச்சம் பிடித்து ஓடக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஓடுகிறவன் உயிரோடு ஓடுகிறான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படியில் நம்மைக் கொல்பவனும் ஒரு மந்திரவாதிதான். அந்த அளவில் உங்கள் கட்சிக்கு ஒரு சாட்சியை நானே கொடுத்துவிட்டேன்.

3 மார்ச் 2024, காலை

நேற்று உணர்ச்சிவசப்பட்டு எழுதியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்துகிறேன். எந்த வகுப்பு வலியது என்று கேட்பவர் எத்தனை அனுபவப் புள்ளியில் (சேரச் சேர ஆளை நிலை நிலையாக உயர்த்தும் புள்ளி அது) என்பதையும் சேர்த்துச் சொன்னாலொழிய விடை கிடைக்காது என்பதே என் வாதம். காரணம் இந்த ஆட்டத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. பயோவேர் உருவாக்கிய இந்த ஆட்டம் 1998 டிசம்பரில் வெளிவந்தபோது, 1989-இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு விதிகளை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. அந்த விதிகளில் ஒவ்வொரு வகுப்புக்கும் நிலை ஏறும் அட்டவணை வேறு வேறு. ஒரே அளவு புள்ளி சேர்த்த இருவர் ஒரே நிலையில் இருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நிலைக்குத் திருடனுக்கு 1,250 புள்ளி போதும். பூசாரிக்கு 1,500, போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. திருடன் மூன்றாம் நிலையில் காலடி வைக்கும்போதுதான் மந்திரவாதிக்கு இரண்டாவது மந்திரமே கிடைக்கிறது. பிறகு கணக்கு மாறுகிறது. ஏழாம் நிலைக்கு மந்திரவாதிக்கு 60,000, போர்வீரனுக்கு 64,000. ஒன்பதாம் நிலைக்கு மந்திரவாதிக்கு 1,35,000 போதும். போர்வீரனுக்கோ 2,50,000 வேண்டும். தொடக்கத்தில் நொண்டிய மந்திரவாதி நடுவழியில் போர்வீரனை முந்தி, அதன்பின் மீண்டும் மெல்ல நடக்கிறார்.

இதற்கு மேல் உச்சவரம்பு என்றொரு சங்கதி இருக்கிறது. முதல் ஆட்டத்தில் ஓர் ஆள் சேர்க்கக்கூடிய புள்ளி 89,000-ஓடு நின்றுவிடும். மந்திரவாதியின் எட்டாம் நிலைக்கு வேண்டியது 90,000. ஆயிரம் புள்ளி குறைவு! இயற்கையை வழிபடும் பூசாரி வகையான ட்ரூயிடின் ஒன்பதாம் நிலைக்கும் அதே 90,000. வாசல்படியில் நிறுத்திக் கதவைச் சாத்துகிறார்கள். திருடனோ 70,000-இலேயே எட்டாம் நிலைக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

3 மார்ச் 2024, மாலை

மேலே ஒருவர் 'வகுப்பு' என்ற சொல்லே தமிழில் சரியில்லை, பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறது என்கிறார். எனக்குப் பள்ளிக்கூடத்தை விட மோசமான பொருள்களும் நினைவுக்கு வருகின்றன. 'தொழில்' என்று சொல்லிப் பார்த்தேன். பாலடின் எனும் புனிதப் போர்வீரன் செய்வது தொழிலா, விரதமா என்று தெரியாமல் விட்டுவிட்டேன். வகுப்பு என்றே இருக்கட்டும். ஒன்று மட்டும் தமிழில் தானாக வந்து அமர்கிறது: யாழும் பாட்டுமாக ஊர் ஊராய்த் திரியும் பார்ட் என்ற அந்த ஆளை இனிமேல் பாணன் என்றே எழுதப்போகிறேன்.

6 மார்ச் 2024

திருடனுக்குப் பெட்டி திறப்பதைத் தவிர வேலையில்லை என்ற கூற்றைப் பற்றி. பூட்டைத் திறக்கும் மந்திரம் இரண்டாம் வரிசையில் இருக்கிறது என்பது சரி. பொறிகளைக் காட்டிக்கொடுக்கும் மந்திரமும் பூசாரியிடம் இருக்கிறது. ஆனால் அந்த மந்திரம் பொறியைக் காட்டுமேயன்றி அகற்றாது. 1999-இல் வந்த இணைப்பில் (ஆட்டத்தை நீட்டிக்கும் கூடுதல் பகுதி) உள்ள டர்லாக் கோபுரத்துக்குள் திருடன் இல்லாமல் போய்ப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் தரை சிவப்பாக ஒளிரும், நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

பெட்டியும் பொறியும் கிடக்கட்டும். முதல் சில நிலைகளில் என் குழுவில் அதிகம் கொன்றவள் திருட்டுத் தொழில் செய்யும் இமோயன்தான் என்று சொன்னால் நம்புவது கடினம். வில்லை யார் எடுத்தாலும் ஒரு சுற்றுக்கு இரண்டு அம்பு என்பது இந்த ஆட்டத்தின் விதி. வாள் பிடித்த போர்வீரன், அந்த வாளில் தனித்தேர்ச்சி பெறாதவனானால், அதே சுற்றில் ஒரு முறைதான் வீசுகிறான். அதற்கும் எதிரியின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். குறுவில்லோடு பின்வரிசையில் நிற்கும் பெண் அதற்குள் ஓநாயை முடித்துவிடுகிறாள். எறியீட்டியை விடச் சிறிய அந்தக் கைச்சிற்றீட்டி, டார்ட் என்பார்களே, அது சுற்றுக்கு மூன்று. அதை மந்திரவாதியே எறியலாம். மந்திரம் தீர்ந்துபோன மந்திரவாதியை டார்ட்டோடு நிறுத்திவைப்பது பழைய ஆட்டக்காரர்களின் வழக்கம். குறி தப்பும், ஆனாலும் சும்மா நிற்பதற்கு அது மேல்.

குறி தப்புவதைப் பற்றிச் சொல்லும்போது தாக்கோவைச் சொல்லாமல் விட முடியாது. கவசத் தகுதி பூச்சியமாக உள்ள எதிரியை அடிக்க இருபது முகப் பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்பதே அந்த எண். குறையக் குறைய நல்லது. 89,000 புள்ளி என்ற உச்சவரம்பில் போர்வீரனுக்கு அது 14, பூசாரிக்கு 16, திருடனுக்கு 17, மந்திரவாதிக்கு 18. நூற்றுக்கு முப்பத்தைந்து முறை போர்வீரன் அடிப்பான். மந்திரவாதி பதினைந்து முறை. ஆயுதமும் வலிமையும் தரும் கூடுதலைச் சேர்க்காத கணக்கு இது. மேலும் வலிமை 18-க்கு மேல் 18/00 (18-இலேயே நூற்றுக்கு நூறு) வரை போகும் அந்தச் சலுகை போர்வீரன், காட்டுப் போர்வீரனான ரேஞ்சர், பாலடின் ஆகிய மூவருக்கு மட்டுமே உரியது. வெறும் 18 உள்ளவனின் அடியில் இரண்டு கூடும். 18/00 உள்ளவனின் அடியில் ஆறு கூடும். மூட்டை தூக்குகிறவன் என்றீர்களே, அவனைத்தான் சொல்கிறேன்.

7 மார்ச் 2024

மல்டி கிளாஸ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. மனிதரல்லாத இனத்தவர் இரண்டு அல்லது மூன்று வகுப்புகளை ஒருசேர நடத்தலாம்; வரும் புள்ளி சமமாகப் பங்கிடப்படும். பாதியாகப் பங்கிட்டால் ஆள் பாதியாகிவிடுவான் என்று பயப்படுகிறீர்கள். அட்டவணையைப் பாருங்கள்: ஒவ்வொரு நிலைக்கும் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. பாதிப் புள்ளி என்றால் ஒரு நிலை பின்தங்குகிறோம், அவ்வளவே. 89,000-இல் பாதி 44,500. அதில் போர்வீரன் ஆறாம் நிலை, மந்திரவாதியும் ஆறாம் நிலை. ஒற்றை வகுப்புக்காரர்கள் இருவரும் ஏழில் நிற்கிறார்கள். ஒரு நிலையை விட்டுக்கொடுத்து இன்னொரு மனிதனையே இலவசமாக வாங்கிக்கொள்கிறோம். எல்ஃப் இனத்துப் போர்வீரன்-மந்திரவாதியை எடுங்கள், இந்த விவாதத்தையே மூடிவிடலாம்.

8 மார்ச் 2024

மூட முடியாது. நேற்று நான் எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை நள்ளிரவில் உணர்ந்தேன். வேறு யாராவது சுட்டிக்காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை.

போர்வீரனின் ஏழாம் நிலை மற்ற நிலைகளைப் போன்றதன்று. அந்த நிலையில்தான் அவனுக்குச் சுற்றுக்கு அரை அடி கூடுகிறது. அதாவது இரண்டு சுற்றுக்கு மூன்று அடி. அடுத்த அரை அடி பதின்மூன்றாம் நிலையில்தான். ஒற்றை வகுப்புப் போர்வீரன் 64,000-இல் அதைத் தொட்டுவிடுகிறான். பாதிப் பங்கோடு ஆறில் நிற்கும் என் எல்ஃப், உச்சவரம்பு 89,000 இருக்கும்வரை, ஆட்டம் முடியும்வரை அதைப் பெறவே மாட்டான். 'ஒரு நிலைதானே' என்று நான் தள்ளிவிட்ட அந்த ஒன்றில்தான் எல்லாம் இருந்திருக்கிறது. தவிர, உயிர்ப் புள்ளியும் இரண்டு பகடைகளின் சராசரியாகத்தான் வரும். கவசம் அணிந்தபடி மந்திரம் சொல்லவும் முடியாது, கழற்ற வேண்டும். போருக்கு நடுவில் சட்டை மாற்றும் போர்வீரனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இணைப்பைச் சேர்த்தால் உச்சவரம்பு 1,61,000 ஆகிறது. அப்போது பாதிப் பங்கு 80,500. எல்ஃப் ஏழைத் தொட்டுவிடுகிறான், ஒற்றைப் போர்வீரன் எட்டில் நிற்கிறான், அந்த எட்டில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. எனவே நேற்றைய கூற்று இணைப்பு உள்ளவர்களுக்குச் சரி, இல்லாதவர்களுக்குத் தவறு. 1998-க்கும் 1999-க்கும் இடையில் வகுப்பு மாறவில்லை. வரம்பு மட்டும் மாறியது, வென்றவன் மாறிவிட்டான்.

15 மார்ச் 2024

ஒரு வாரமாக ஒரு சோதனை செய்து பார்த்தேன். எல்லோரும் மந்திரவாதியை உயர்த்திப் பிடிப்பதற்கு உண்மையான காரணம் மந்திரமா, தூக்கமா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. இந்த ஆட்டத்தில் எட்டு மணிநேரம் ஓய்வெடுத்தால் செலவழித்த மந்திரங்கள் திரும்பிவிடும். காட்டில் தூங்கினால் சில வேளைகளில் எதிரிகள் வந்து எழுப்புவார்கள். அதைத் தவிர அதற்கு விலையே கிடையாது. மையக் கதைக்குக் கடிகாரம் இல்லை. சிறைப்பட்ட டைனஹீரை மீட்கத் தாமதித்தால் குழுத் தோழன் மின்ஸ்க் கோபித்துக்கொள்வான், நாஷ்கெல் என்ற சுரங்க ஊர்ப் பக்கம் போகாமலே இருந்தால் மற்றத் தோழர்களான காலிதும் ஜஹைராவும் முணுமுணுத்துப் பிரிந்துபோவார்கள். ஆனால் உலகம் காத்திருக்கும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் படுத்துக்கொள்ளும் மந்திரவாதியை, தூக்கமே தேவைப்படாத போர்வீரனோடு ஒப்பிட்டுவிட்டு, மந்திரவாதியே வலியவர் என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

எனவே நாஷ்கெல் சுரங்கத்துக்கு ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டேன்: தளத்துக்கு ஒரு முறை மட்டுமே ஓய்வு. நாயகன் இரண்டாம் நிலை மந்திரவாதி. கைவசம் இரண்டு மந்திரம், இரண்டும் உறக்க மந்திரம். உடன் இமோயன், காலித், ஜஹைரா, மின்ஸ்க், பூசாரி பிரான்வென்.

முதல் கூட்டம் கோபால்டுகள் (குட்டை உருவ எதிரிகள்) வந்ததும் உறக்க மந்திரத்தைச் சொன்னேன், மொத்தமாகச் சாய்ந்தன. கைதட்ட வேண்டிய காட்சி. அடுத்த திருப்பத்தில் இன்னொரு கூட்டம். இரண்டாவது உறக்கமும் போயிற்று. அந்தத் தளத்தில் அதன்பின் என் நாயகன் செய்த பணி, கவணில் கல் வைத்து எறிந்து ஏழில் ஒன்று படுகிறதா என்று பார்த்தது. ஸ்பேஸ் பட்டையைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தி ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுக்கையில், அவன் முறை வரும்போது மட்டும் கை தயங்கி நின்றது, சொல்வதற்கு எதுவுமில்லை. அடுத்து ஒரு குறுகிய பாதையில் தீயம்பு எய்யும் கோபால்டுகள் எதிரே நின்றபோது காலித் கேடயத்தோடு வாயை அடைத்து நிற்க, இமோயன் அவன் தோளுக்கு மேலாக எய்து எய்து முடித்தாள். கடைசியில் சுரங்கத்து எதிரிகளின் தலைவன் முலாஹேயைச் சந்திக்கும்போது பிரான்வென்தான் மானத்தைக் காப்பாற்றினாள்: ஆளை அசையாமல் பிடித்து நிறுத்தும் மந்திரம் முதல் முறையே பிடித்தது.

தூக்கத்தைக் கட்டுப்படுத்தினால் வகுப்புகளின் வரிசை தலைகீழாகிறது என்பதே நான் கண்டது. மந்திரவாதிக்கு எதிரான வாதம் என்று இதைக் கொள்ள வேண்டாம். அந்த இரண்டு உறக்க மந்திரமும் இல்லாவிட்டால் முதல் கூட்டத்திலேயே இருவரை இழந்திருப்பேன்.

16 மார்ச் 2024

பாலடினைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். பாலடினின் மிகப் பெரிய சிறப்பு ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. அவனுக்கு வசீகரம் குறைந்தது 17 வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருப்பதால், பகடையை உருட்டும்போதே அந்த எண்கள் உயர்த்தி வைக்கப்பட்டு மொத்தம் அதிகமாக வரும். மற்றவர்களுக்காக 'மறுபடி உருட்டு' பொத்தானை இருநூறு தடவை அமுக்கி, ஒரு நல்ல எண் வந்த மகிழ்ச்சியில் பழக்கதோஷத்தால் இன்னொரு தடவையும் அமுக்கிவிட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு மூன்று முறை.

24 மார்ச் 2024

சில நாளாக மேலே உள்ளவற்றை மறுபடி படித்தேன். என் கூற்றுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது இப்போது எனக்கே தெரிகிறது. அதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2002-இல் திருச்சியில் ஒரு கடையில் என் அண்ணன் இந்த ஆட்டத்தைப் பிரதியெடுத்து வாங்கி வந்தான். ஐந்து குறுந்தகடுகள். எங்கள் கணினியில் முழுவதையும் ஏற்ற இடமில்லாததால், ஊர் மாறும்போதெல்லாம் தகட்டை மாற்றிப் போட வேண்டும். அதில் ஒரு தகட்டின் விளிம்பில் நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு. கடைக்காரர் மாற்றித் தர மறுத்தார். 'துணியால் துடைத்துப் போடுங்கள் தம்பி' என்றார். துடைத்தோம், பற்பசை தடவினோம், பயனில்லை. பெருநகரத்துக்குப் போகும் பாலத்தைத் தாண்டினால் தகடு உள்ளே சுற்றும் ஒலி மாறும், பிறகு திரை உறைந்துவிடும்.

ஆகவே நான் அந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பதினோரு ஆண்டு முடிக்கவில்லை. பாலம் வரைக்கும் போவது, புதிய வகுப்பை எடுத்து முதலிலிருந்து தொடங்குவது, மீண்டும் பாலம். போர்வீரன், திருடன், பூசாரி, மந்திரவாதி, ரேஞ்சர் என்று ஐந்து பேரை அப்படிக் கூட்டிப் போயிருக்கிறேன். ஒருவரும் ஏழாம் நிலையை எட்டவில்லை. 7-ஆம் தேதி அந்த அரை அடியைக் கணக்கில் விட்டதற்கு மறதி என்று காரணம் சொல்லலாம் என்றிருந்தேன். உண்மையில் அதை நான் என் கண்ணால் பார்க்காமலே வளர்ந்தவன். வில்லும் உறக்கமும் ஆறு உயிர்ப் புள்ளியும்தான் எனக்குத் தெரிந்த உலகம். 2012-இல் வந்த மேம்படுத்தப்பட்ட பதிப்பை 2013-இல் வாங்கித்தான் பாலத்துக்கு அப்பால் உள்ள ஊரையே பார்த்தேன்.

கேள்வி கேட்ட நண்பர் இரண்டாம் ஆட்டத்திலிருந்து தொடங்கியவர் என்று தனியே தெரிவித்தார். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவர் மாடியிலிருந்து பார்க்கிறார், நான் வாசலிலிருந்து.

2 ஏப்ரல் 2024

மாடிக்குப் போவோம். 2000-இல் வந்த இரண்டாம் பகுதியில் புதிய நாயகனே 89,000 புள்ளியோடு தொடங்குகிறான். சோர்சரர், மாங்க், பார்பேரியன் என்று புதிய வகுப்புகளும், ஒவ்வொரு பழைய வகுப்புக்குள்ளும் கிளைகளும் வருகின்றன. இங்கே மந்திரவாதியைப் பற்றி நண்பர் சொல்வதை ஏறக்குறைய முழுதாக ஏற்கிறேன். ஒரு மந்திரவாதியின் கவசங்களை இன்னொரு மந்திரவாதி உரித்தெடுத்த பிறகுதான் போர்வீரனின் வாளுக்கு வேலை வருகிறது. விதிவிலக்கு பாலடினின் கிளையான இன்க்விசிட்டர்: மந்திரத்தைக் கலைக்கும் அவனது ஆற்றல் அவனுடைய நிலையின் இருமடங்காகக் கணக்கிடப்படுகிறது. 16-ஆம் தேதி நான் பாலடினைக் கேலி செய்ததைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் உச்சவரம்பைப் பாருங்கள். 29,50,000. மந்திரவாதியின் பதினெட்டாம் நிலைக்கு, அதாவது ஒன்பதாம் வரிசை மந்திரங்களை மனனம் செய்யும் நிலைக்கு, வேண்டியது 30,00,000. ட்ரூயிடின் பதினைந்தாம் நிலைக்கும் அதே 30,00,000. முதல் ஆட்டத்தில் ஆயிரம் புள்ளியில் வாசலில் நிறுத்தப்பட்ட அதே இருவர், இரண்டாம் ஆட்டத்திலும் ஐம்பதாயிரத்தில் நிறுத்தப்படுகிறார்கள். இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. காலத்தையே நிறுத்தும் மந்திரத்தை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டால் ஆட்டம் என்ன ஆகும் என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். 2001-இல் வந்த இணைப்பு வரம்பை 80,00,000-ஆக உயர்த்திய பிறகுதான் கதவு திறந்தது.

ட்ரூயிடின் கதை இதைவிடப் பரிதாபம். 1,25,000 புள்ளியில் அவர் பத்தாம் நிலை. அதே புள்ளியில் பூசாரியும் எட்டு, மந்திரவாதியும் எட்டு. மூன்று லட்சத்தில் பன்னிரண்டாம் நிலையில் இருப்பார், பூசாரி ஒன்பதில். அதுவரை குதிரைப் பாய்ச்சல். அதன்பின் பதின்மூன்றுக்கு ஏழரை லட்சம், பதினான்குக்குப் பதினைந்து லட்சம், பதினைந்துக்கு முப்பது லட்சம். நடுவழியில் மலை வந்துவிடுகிறது. ட்ரூயிடைத் திட்டுகிறவர்கள் மலையில் சந்தித்தவர்கள். புகழ்கிறவர்கள் சமவெளியில் சந்தித்தவர்கள்.

டூயல் கிளாஸ் ரசிகர்களின் செல்லப்பிள்ளையான கென்சாய்-மந்திரவாதியையும் (கென்சாய் என்பது போர்வீரனின் ஒரு கிளை) இதே தராசில் வைக்கலாம். மனிதர்கள் ஒரு வகுப்பை நிறுத்திவிட்டு இன்னொன்றைத் தொடங்கலாம்; புதியது பழையதைத் தாண்டும்வரை பழைய திறமை உறங்கிக் கிடக்கும். பதின்மூன்றாம் நிலை வரை கென்சாயாக இருக்கப் 12,50,000 புள்ளி; மந்திரவாதியாகப் பதினான்கைத் தொட 15,00,000. ஆக 27,50,000-இல் வாள் மீண்டும் கைக்கு வருகிறது. உச்சவரம்புக்கு மிச்சம் இரண்டு லட்சம். ஆட்டம் முழுவதும் சமைத்துவிட்டுப் பந்தி முடியும் நேரத்தில் சாப்பிட உட்காருவதுபோல. ஒன்பதாம் நிலையில் மாறினால் இரண்டரை லட்சமும் இரண்டரை லட்சமும் சேர்ந்து ஐந்து லட்சத்தில் வேலை முடிந்துவிடும். மாறுகிறவர்கள் அங்கே மாறுவதே நல்லது.

5 ஏப்ரல் 2024

பாணனைப் பற்றி எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் அட்டவணையை இவ்வளவு தூரம் பார்த்த பிறகு ஒன்று உறைத்தது: பாணன் திருடனின் அட்டவணையில் ஏறுகிறான், மந்திரவாதியின் மந்திரங்களைச் சொல்கிறான். மந்திரங்களின் வலுவோ சொல்பவரின் நிலையைப் பொறுத்தது. 1,60,000 புள்ளியில் பாணன் பத்தாம் நிலை; அவனது தீப்பந்து மந்திரம் பத்துப் பகடை அளவுக்குச் சுடும். மந்திரவாதி அப்போது ஒன்பது, பகடையும் ஒன்பது. எனவே இணைப்போடு சேர்த்த முதல் ஆட்டத்தின் முடிவில் மிகப் பெரிய தீப்பந்து பாணனுடையதே!

5 ஏப்ரல் 2024, சற்றுப் பின்னர்

எண்ணிக்கையை விட்டுவிட்டேன். அந்த நிலையில் பாணனுக்குத் தீப்பந்து இருக்கும் மூன்றாம் வரிசையில் மந்திரம் இரண்டு, மந்திரவாதிக்கு மூன்று. இருபது பகடைக்கு எதிராக இருபத்தேழு. தவிர, முதல் தீப்பந்து மந்திரவாதிக்கு 20,000-இலேயே கிடைத்துவிடும். பாணன் 40,000 வரை காத்திருக்க வேண்டும். மிகப் பெரிய பந்து பாணனுடையது, மிகுதியான பந்து மந்திரவாதியுடையது. நாளுக்கு ஒரு முறை தூங்குகிறவருக்கு மந்திரவாதி. சண்டைக்கொரு முறை தூங்குகிறவருக்கு இருவரும் ஒன்றே. மறுபடி தூக்கத்தில்தான் வந்து நிற்கிறோம்.

21 ஏப்ரல் 2024

பூசாரியை இந்த இழை முழுவதும் ஓரத்திலேயே உட்கார வைத்துவிட்டோம். அவர் பழகியவர்போல் அமைதியாக இருக்கிறார். கனமான கவசம் போடலாம், கவசத்தோடே மந்திரம் சொல்லலாம், மந்திரங்களை ஏட்டிலிருந்து தேடித் தேடி எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. நிலை ஏறினால் அந்த வரிசை முழுவதும் தானாக வந்துவிடும். மந்திரவாதி ஓர் ஏட்டைப் படித்து எழுதும்போது அறிவு 18 இருந்தும் நூற்றுக்குப் பதினைந்து முறை எழுத்து கலைந்து ஏடும் போய்விடும். மதியூகம் 18 உள்ள பூசாரிக்கு முதல் வரிசையில் இரண்டு, இரண்டாம் வரிசையில் இரண்டு என்று கூடுதலாகவே கிடைக்கிறது. 13,000 புள்ளியில் ஐந்தாம் நிலை வந்ததும் எலும்புக்கூடுகளை எழுப்பி முன்னால் நிறுத்திவிடலாம். அவற்றுக்கு உறக்கமும் பிடிக்காது, அசையாமல் நிறுத்தும் மந்திரமும் பிடிக்காது, அம்பும் பாதிதான் ஏறும். அவற்றை முன்னால் அனுப்பிய நாளிலிருந்து என் போர்வீரன் பின்னால் நின்று வில் பிடிக்கக் கற்றுக்கொண்டான்.

ஆறு மந்திரவாதிகள் என்று தொடங்கிய நண்பரிடம் ஆறு பூசாரிகளை முன்மொழிகிறேன். குறைந்தபட்சம் அந்த விடுதிப் படிக்கட்டைத் தாண்டுவார்கள்.

19 மே 2024

நண்பர் உண்மையிலேயே ஆறு மந்திரவாதிகளோடு தொடங்கிப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். டார்னெஷிடம் நான்கு முறை தோற்று, ஐந்தாம் முறை ஆறு பேரும் ஒரே நொடியில் மேஜிக் மிஸைல் விட்டு வென்றாராம். பிம்பங்கள் எழும் முன்பே முடிந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று என ஆறு அம்பு, ஒன்றும் குறி தப்பாது. இதை நான் யோசிக்கவே இல்லை. முதல் நாள் இரவு நான் எழுதியதில் பாதியை அவர் தாராளமாக அடித்துவிடலாம். பக்கத்திலேயே ஓநாய்கள் வந்ததாகவும் அப்போது ஒருவரிடமும் மந்திரம் மிச்சமில்லை என்றும் அவர் சொல்வதால், மற்றப் பாதியை வைத்துக்கொள்கிறேன்.

நான் ஏப்ரல் கடைசியில் ஒரு பாணனைத் தொடங்கினேன். நேற்று இரவு 39,520 புள்ளியில் நின்றான். தீப்பந்துக்கு இன்னும் 480. வயல்வெளியில் மண்ணுக்கடியிலிருந்து எழும் அங்கெக் ஒன்றுக்கு 975 புள்ளி. ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 162. மூன்றைக் கொன்றால் போதும் என்று கணக்குப் போட்டு, மூன்றையும் கொன்று, 40,000-ஐத் தாண்டி, தூங்கி எழுந்து, புற்றுக்குள் நுழைந்து நான்காவதன் மேல் என் முதல் தீப்பந்தை எறிந்தேன். குகை சிறியது என்பதையும் தீப்பந்து நம் ஆள், வேற்று ஆள் பார்க்காது என்பதையும் மறந்துவிட்டேன். அங்கெக் பிழைத்தது, இமோயன் போய்விட்டாள். சேமித்து வைத்த இடம் மூன்று அங்கெக்குக்கு முன்னால் இருக்கிறது.